சிறுநீரில் தெரியாத வலி

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். ஒருநாள் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மேரி அக்கா தன் மகள் ஸ்டெல்லாவை அழைத்து வந்தார். மாதவிலக்கு வந்தாலே அவளால் நிமிர்ந்து நிற்க முடியாது. கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். உறுதிசெய்ய, வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குத் தழும்பு வேண்டாம் என்று மறுத்த தாய், சிறுநீரை மட்டும் சோதிக்கச் சொன்னார்.

சர்க்கரை, புரதம், சீழ், இரத்தம் என்று வரிசையாகப் பார்த்தேன். "எல்லாம் நார்மல்" என்றேன்.

"அப்ப ஒண்ணும் இல்ல லா. வா, வீட்டுக்குப் போலாம்."

ஸ்டெல்லா எழவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

"நோய் இல்லன்னு அர்த்தமில்லக்கா. அந்த நோய் இதுல தெரியாது."

"புள்ள உண்டானா மூத்திரத்துல தெரியுதே மிஸ்ஸி, இது ஏன் தெரியாது?"

"அதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கல."

"யாராச்சும் தேடுறாங்களாக்கா?" என்று ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலம்மா."

அவள் தாயிடம் திரும்பினாள். "அவங்க தேடி முடிக்கிற வரைக்கும் என்னால தாங்க முடியாதும்மா."

மேரி அக்கா என்னிடம், "அந்த ஓட்டை, சேலை கட்டுனா வெளிய தெரியுமா?" என்றார்.

"தொப்புள்கிட்டதான் போடுவாங்க. தெரியாதுக்கா."

இருவரும் டாக்டரின் அறைப் பக்கம் நடந்தார்கள்.

அன்றிலிருந்து யாரிடமும் நார்மல் என்று மட்டும் சொல்லி நிறுத்தியதில்லை. எதையெல்லாம் தேடினேன், எதைத் தேட எனக்கு வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவந்தேன்.