பெரும்பாலும் இருக்கும் இடம்

சந்தனமேரி அன்னவாசல் பக்கம் ஒரு கல்லூரியில் பதினாறு வருடமாக இயற்பியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. ஒவ்வொரு ஜூனிலும் வேலை உண்டா இல்லையா என்று அறிவிப்புப் பலகையைப் போய்ப் பார்க்க வேண்டும். நானும் அதே ரகம்தான், தாவரவியலில். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பி.எஸ்சி. வரை தமிழில் படித்துவிட்டுத் திருச்சியில் ஆங்கிலத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தவர் மேரி. முதல் பருவத்தில் குவாண்டம் இயக்கவியலில் பதினெட்டு மதிப்பெண். விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை அவரே சொல்வார். அந்தக் கடுப்பில், வேலைக்கு வந்தபின் பாடம் முழுவதையும் தமிழில் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டார். மாவட்டத்தில் குளத்தூரிலிருந்து மணமேல்குடி வரை அதன் நகல் போனது. அதற்குப் பிறகு புத்தகத்தை யார் திறந்தார்கள்? "மேரி நோட்ஸ்ல இருக்கா?" என்று கேட்பதோடு சரி.

போன வருடம் நிரந்தரப் பணிக்குத் தேர்வு வந்தது. மேரி எழுதினார். மணமேல்குடிக் கல்லூரியில் எங்களைப் போலவே காலம் தள்ளிக்கொண்டிருந்த இயற்பியல்காரர் நிலவழகனும் எழுதினார். வயது வரம்பின்படி அவருக்கு அதுதான் கடைசித் தேர்வு. விட்டால் ஆயுளுக்கும் கௌரவம்தான்.

விடைக்குறிப்பு வெளியான மறுநாள் மதியம், நானும் மேரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிலவழகன் வந்து நின்றார். கையில் மேரி நோட்ஸ்.

"அக்கா, ஒரு கேள்விக்கு கீ தப்பா போட்டுருக்காங்க. நாளைக்குள்ள ஆட்சேபணை போடணும். ஒங்க நோட்ஸைத்தான் ஆதாரமா வைக்கப் போறேன்."

கேள்வி இதுதான். ஒரு பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் நிலையில் இருக்கிறது. அது எங்கே இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்? ஒரு சுவரிலிருந்து கால் பங்கு தூரத்திலும் முக்கால் பங்கு தூரத்திலும் என்றது விடைக்குறிப்பு. நிலவழகன் போட்டது, நட்டநடுவில்.

மேரி எழுபத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் பார்த்தார். தேர்வில் அவர் கேள்வியை ஆங்கிலத்தில் படித்து, கணக்குப் போட்டு, கால், முக்கால் என்று சரியாகத்தான் எழுதியிருந்தார்.

"தம்பி, கீ சரிதான். நாந்தான் தப்பா எழுதிருக்கேன்."

ஆங்கிலத்தில் 'எதிர்பார்க்கும் இடம்' என்கிற மாதிரி ஒரு சொல் உண்டாம். இயற்பியலில் அதற்குச் சராசரி என்று மட்டுமே பொருள். மேரியோ, ஒருவரை நாம் எங்கே எதிர்பார்ப்போம், அவர் பெரும்பாலும் இருக்கும் இடத்தில்தானே என்று நினைத்து, நடு என்று விடை வரும் அந்தச் சராசரிக் கணக்குக்குத் தலைப்பாக 'எலக்ட்ரான் பெரும்பாலும் இருக்கும் இடம்' என்று போட்டுவிட்டார். தமிழ் பேசுகிற எவரும் அப்படித்தான் போட்டிருப்போம். எனக்குப் புரியவில்லை என்று கண்டதும் சொன்னார்:

"டீக்கடை பெரியகருப்பனுக்கு ரோட்டுக்கு அங்கிட்டு ஒரு கடை, இங்கிட்டு ஒரு கடை. அவரு இருக்குற எடத்துக்குச் சராசரி போட்டா நடுரோடுதான் வரும். நடுரோட்டுல என்னைக்காச்சும் அவரப் பாத்திருக்கீங்களா சார்?"

சரியாக அந்த நடுப்புள்ளியில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு பூஜ்யமாம். பெட்டியில் எந்த இடத்தில் அது இருக்கவே இருக்காதோ, அந்த இடத்தை மாவட்டமே எட்டு வருடமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

நிலவழகன் "சரிக்கா" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆட்சேபணை போடவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க மேடம்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"ஆன சறுக்குனா ஆனைக்குத்தான சார் அடி? இங்க அடி வேற ஒருத்தருக்குல்ல!" என்று எரிந்து விழுந்தார். அன்றைக்கு மிச்சச் சோற்றை அவர் தொடவில்லை.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. மேரிக்கு வேலை கிடைத்தது. நிலவழகனுக்கு ஒரு மதிப்பெண் குறைவு. ஒன்றே ஒன்று. துறையில் எல்லாரும் மேரிக்குக் கை கொடுத்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மணமேல்குடிக்குப் புறப்பட்டார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார்.

நிலவழகன் வாசலிலேயே சிரித்தார். உட்கார வைத்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். மேரி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "என்னைய நாலு வார்த்த திட்டிருங்க தம்பி. மனசு ஆறவே மாட்டேங்குது" என்றார்.

"ஒங்கள எதுக்குக்கா திட்டணும்? தப்பு ஏந்தப்பு. பரீட்சையில எனக்கும் மொதல்ல கால், முக்கால்னுதான் வந்துச்சு. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன், அதேதான் வந்துச்சு. மேரிக்கா தப்பா எழுதியிருக்க மாட்டாங்க, நாமதான் எங்கயோ கோட்ட விட்டுருக்கோம்னு நெனச்சு, நடுவுலன்னு போட்டுட்டேன்."