பேர் வெட்டிய பாத்திரங்கள்

மகளின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் பார்க்க, சேரன்மகாதேவியில் நாங்கள் எப்போதும் போகும் கடைக்கே போனோம். மத்தியானம் முழுக்கக் கடைக்கார அண்ணாச்சியைப் பரண் ஏற வைத்தோம். குடம், தூக்குவாளி, இட்லிக் கொப்பரை என்று அவர் இறக்க இறக்க, மகள் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தாள். “இதெல்லாம் தனியா எடுத்து வைங்க அண்ணாச்சி, அவங்க அப்பாட்ட கேட்டுட்டு வாரோம்” என்று சொன்னது நான்தான். வீட்டுக்கு வந்ததும் அதே சாமான்களை ஆன்லைனில் தேடிப் பிடித்து ஆர்டர் போட்டுவிட்டோம். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கங்கெட்ட மெச்சல்.

பிறகு அண்ணாச்சிக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், உள்ளேயிருந்து ஒரு சாக்கைத் தூக்கி வந்து பிரித்தார். நாங்கள் எடுத்து வைக்கச் சொன்ன அத்தனை பாத்திரத்திலும் மகளின் பேர் வெட்டியிருந்தது.

“முகூர்த்த சமயத்துல கூட்டமா இருக்கும்லா தங்கச்சி, அதான் முதல்லயே வெட்டிட்டேன்.”

பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டித் தருவது வழக்கம். ஆனால் வாங்கிய பிறகுதான் வெட்டுவார்கள். என் வாய்வார்த்தையை நம்பி வெட்டிய பாத்திரங்களை இனி அவர் யார் தலையில் கட்டுவார்?

“மாப்பிள்ளை வீட்ல பாத்திரமே வேண்டாம்னுட்டாவ அண்ணாச்சி” என்றேன். எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ.

அவர் பாத்திரங்களைத் திரும்பச் சாக்கில் போட்டார். “வேண்டாம்னு சொல்லுத வீடு கிடைக்கது லேசா? பிள்ள கொடுத்து வச்சவ” என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சாக்கையே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் நடையைக் கட்டினேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சீர் பரப்பியிருந்தது. அண்ணாச்சி வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியோடு வந்தார். நேரே பாத்திரங்களுக்கு முன்னால் போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாள் ஒரு குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். “என்ன மதினி, ஒண்ணுலயும் பேரே வெட்டலியே?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி பதில் சொன்னார். “நம்ம கடை மிஷின் பழுதாயிட்டும்மா. தப்பு எம்மேலதான்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.