யாருன்னே தெரியலீங்க

எங்கள் மேனேஜர் அறையில், அவர் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு உடுப்பில் ஒரு பெண், அவள் கையைப் பிடித்தபடி நீல நூல் புடவையில் ஒரு அம்மா. அந்த அம்மாவின் கண்கள் வெளிச்சத்தில் கூசிச் சுருங்கியிருக்கும். பெண், மேனேஜரின் மகள். அம்மா யாரென்று அறைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். படத்தை எடுத்தவன் நான். ஃபைலோடு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது உள்ளே போகிறேன். நாலு தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

அந்த அம்மா என் அக்கா. மாமா போன பிறகு சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவள். படம் எடுத்த அன்றைக்குக் கண் காட்ட என்னிடம் வந்திருந்தாள். ஆர்.எஸ்.புரத்து டாக்டர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, சாயங்காலம் வரை மங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார். அன்று பார்த்துத்தான் மேனேஜர் மகளின் நிகழ்ச்சி. ஆபீஸில் எல்லோருக்கும் பாஸ் கொடுத்திருந்தார். உதவி மேனேஜர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம், போகாமல் இருக்க முடியுமா? "சினிமாங்களா கண்ணு?" என்று கேலியாகக் கேட்டாள் அக்கா. "அந்த மாதிரிதான், வாங்கக்கா" என்றேன். எனக்கே என்னவென்று தெரியாது. வாசலில் கொடுத்த ஆங்கிலத் துண்டுத்தாளை எல்லாம் புரிந்தவன் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, விசிறிக்கொள்ள அவளிடம் கொடுத்தேன்.

பழைய குடோன் ஒன்றை அரங்கமாக்கியிருந்தார்கள். மூன்று சுவர்களிலும் வீடியோ ஓடியது. பூட்டிய கதவுகள், திறக்காத ஜன்னல்கள், யாரும் எடுக்காத போன்கள். நடுவில் ஒரு ஸ்டூலில் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண். நாலு மூலை ஸ்பீக்கரிலும் அவள் குரல்: "ஊட்டுல யாராச்சும் இருக்கீங்களா?" அவ்வளவுதான். கொஞ்சம் அமைதி, மறுபடி அதே கேள்வி. எனக்குக் கொட்டாவி முட்டியது. முன்வரிசையில் ஒருவர் மோவாயில் கைவைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும் மோவாயில் கைவைத்துக்கொண்டேன். அக்காவுக்கு வீடியோ எதுவும் தெரிந்திருக்காது, குரல் மட்டும்தான். நெளிந்தாள். "ஏங்கண்ணு, அந்தப் புள்ள எத்தன நேரமாக் கூப்புடுது, ஒருத்தரும் பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று காதோரம் கேட்டாள். "சும்மா இருங்கக்கா" என்று பல்லைக் கடித்தேன். அடுத்த தடவை குரல் கொஞ்சம் உடைந்து வந்தது. அக்கா எழுந்தேவிட்டாள். "இருக்கறமுங்க அம்மணி! என்ன வேணும், சொல்லுங்க!" என்றாள். தோட்டத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

வீடியோ அணைந்தது. ஸ்பீக்கர் நின்றது. பளிச்சென்று எல்லா விளக்கும் எரிந்தது. போச்சு, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று எனக்குக் குப்பென்று வியர்த்தது. மேனேஜர் வரிசைகளைத் தாண்டி வேகமாக வந்தார். "இந்தம்மா யாருங்க? உங்ககூட வந்தவங்களா?"

"இல்லீங்க சார். யாருன்னே தெரியலீங்க."

பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதலாம். பொய். யோசித்துத்தான் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். மருந்து விட்ட கண்ணுக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது என்பதுதான் இன்றைக்கும் எனக்கிருக்கும் ஒரே ஆறுதல். "ஆமாங்க, நாந் தனியாத்தானுங்க வந்தேன்" என்றாள்.

துண்டுத்தாளின் கடைசி வரியை மேனேஜரே தமிழில் எல்லோருக்கும் சொன்னார். பார்க்க வந்தவர்களில் யாராவது ஒருவர் பதில் சொன்னால் நிகழ்ச்சி முடியும். வேறு ஊர்களில் நடத்தியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லையாம், கூட்டம் தானாகக் கலைந்து போனதாம். மகள் கண்கட்டை அவிழ்த்து ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூப்புட்டா ஏன்னு கேக்கோணுமில்லீங்களா? அட, இதுக்குப் போயி அழுவறீங்களே" என்றாள் அக்கா. மேனேஜர் தன் போனை என்னிடம் நீட்டி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று என் அக்காவிடம் சொன்னேன். அம்மா என்றேன்! அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் பொய் வெளியே வந்துவிடுமே. யாரும் பேர் கேட்பதற்குள் அவள் நாற்காலி முதுகுகளைத் தடவித் தடவி வெளியே நடந்தாள். கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டியவன் ஐந்து நிமிஷம் கழித்துப் போனேன்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். பஸ் ஏறும்போது, "உன்ர மேனேஜரு நல்ல மனுசனாட்டத் தெரியறாரு. ஒண்ணும் ஆவாது, நீ பயப்படாத" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த வருஷமே பதவி எனக்குக் கிடைத்தது.

நேற்று ஒரு வெளியூர்க்காரர் படத்தைக் காட்டிக் கேட்டார். "யாரோ புண்ணியவதிங்க, பேருகூடக் கேக்காம உட்டுட்டோம்" என்ற மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான பக்கத்துல உக்காந்திருந்தீங்க. எந்த ஊருன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?" அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அக்கா. சுவரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், கையில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணும் சொல்லலீங்க சார்" என்றேன். எடுக்காமலே போனை அமுக்கிப் பைக்குள் போட்டேன்.