பாடையிலிருந்து எழுந்து வந்த சுமதி

வெயிலில் வதங்கிய சாமந்தியும் ஈரப் பச்சை மூங்கிலும் சேர்ந்த வாசனை... சுரங்கத்து மண்மேட்டில் சினிமாவுக்காகக் கட்டிய பாடையின் வாசனை அது. இன்றைக்கும் பூக்கடையைத் தாண்டும்போது மூக்கில் வந்து நிற்கும்.

அந்த டைரக்டர் போய்விட்டார் என்று நேற்று டிவியில் சொன்னார்கள். கிறுக்கர், துணிச்சல்காரர் என்று இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் எல்லோரும் எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் நானும் எழுதுகிறேன்.

அந்த மண்மேட்டில் செருப்பில்லாமல் நடப்பார். கையில் ஒரு தாள் கிடையாது. அன்றைக்கு என்ன எடுக்க வேண்டுமோ அதை உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டு வருவார். மதியம் வேர்த்துவிட்டால் அதுவும் அழிந்துபோகும். "போனா போவுது, அடுத்தது அதுவா வரும்" என்பார்.

ஒப்பாரி வைக்க ஆள் வேண்டும் என்று எங்கள் தெருவிலிருந்து இருபது பெண்களைக் கூட்டிப் போனார்கள். எல்லோரும் கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள். என் மூத்தவள் சுமதி, பத்தொன்பது வயது, வேடிக்கை பார்க்க என்னோடு வந்தாள்.

பாடையில் படுக்க வேண்டிய நடிகை கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணம் ஆகாத பெண்ணாம், ஆகாதாம். டைரக்டர் அவளைத் திட்டவில்லை. எங்கள் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உங்கள்ல யாராவது படுக்கறீங்களாம்மா? செத்த மாதிரி வேணாம். அசந்து தூங்கற மாதிரி இருந்தா போதும்."

"நான் படுக்கறேன் சார்," என்றாள் சுமதி. "காலையிலேர்ந்து நின்னுகினே இருக்கேன். காலு கடுக்குது."

கூட்டமே சிரித்தது. என் நாத்தனார் கனகம் மட்டும் சிரிக்கவில்லை.

"உசுரோட இருக்கற பொண்ண பாடையில ஏத்தறியே அண்ணி, நீயெல்லாம் ஒரு தாயா?"

"சும்மா இருடி, சினிமாதான" என்றேன் நான்.

மாலை போட்டுப் படுக்க வைத்தார்கள். நாங்கள் மாரடித்து அழுதோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது... அப்போது இரண்டு மணி சைரன் ஊதியது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சைரன் என்றால் முதல் ஷிப்ட் முடிந்தது என்று அர்த்தம். மனுஷன் சைக்கிளில் வந்து இறங்கும்போது தட்டில் சோறு இருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நடந்துவிட்டார்கள். ஒருத்தி போகிறபோக்கில், "ஏய், ஒல வச்சியாடி?" என்று இன்னொருத்தியைக் கேட்டாள்.

யாரோ "கட்" என்று கத்தினார்கள். டைரக்டர் கையைத் தூக்கிக் கத்தியவர் வாயை அடக்கினார். கேமரா நிற்கவில்லை.

மகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சுமதி ஒரு கண்ணைத் திறந்தாள். கழுத்தில் மாலையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"யம்மா, சைரன் ஊதிடுச்சு. அப்பா வந்துருவாரு, எழுந்து வா."

கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கிப் போனோம். நாங்கள் கண்ணுக்கு மறையும்வரை எடுத்தாராம். அப்புறம் வெறுங்காலோடு ஓடிவந்து எங்களைப் பிடித்தார். மூச்சு வாங்க, "இத நான் எழுதவே முடியாதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிப் பணம் போட்டவர்கள் எவ்வளவோ சண்டை போட்டார்களாம். இவர் வெட்டவில்லை. நம் ஊர்த் தியேட்டரில், கேன்டீனில் வேலை பார்த்த ஒருவன் எழுந்து நின்று, "பொணமே எழுந்து வூட்டுக்குப் போவுது, நமக்கு இன்னாடா இங்க வேல" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. மூன்றாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அவன் மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு எதிரில் வந்தாலும் பேசமாட்டேன்.

அடுத்த வருஷம் சுமதியைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்தோம். அதற்கடுத்த வருஷம் மஞ்சள் காமாலையோடு என்னிடம் வந்தாள். பதினெட்டு நாள்... அவ்வளவுதான்.

வாசலில் கிடத்தியிருந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் கனகம் சொன்னாள். "அன்னிக்கே படுக்க வச்சு அழகு பாத்தவதான இவ."

ஒருவரும் அவளை அடக்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

அன்றைக்கும் இரண்டு மணிக்குச் சைரன் ஊதியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். நான் சுமதியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை நின்றுவிட்டதே, பித்துப் பிடித்துவிட்டது என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பித்தெல்லாம் இல்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இத்தனை வருஷமாக அந்தப் படத்தின் பேரைக்கூட வாயால் சொன்னதில்லை. கனகம் சொன்னது உண்மைதானோ என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

நேற்றுப் பேத்தி போனில் தேடிப் போட்டுக் காட்டினாள். யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். படம் முழுக்கக் கோடும் புள்ளியுமாக இருக்கிறது. ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. சுமதிக்கென்று இருந்தது ஒரே ஒரு கல்யாண போட்டோ, அதுவும் பூச்சி அரித்துப்போயிற்று. அந்த மனுஷன் மட்டும் யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று அவளை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். உலகத்துக்கு அது கிறுக்குத்தனம். எனக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர் போன பிறகுதான் தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்...

கனகம் இப்போது பண்ருட்டியில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவளுக்கும் அனுப்பச் சொன்னேன். "பாத்துட்டாங்க ஆயா, ரெண்டு நீலக் கோடு வந்துடுச்சு" என்றாள் பேத்தி.

அந்த மண்மேட்டில் இப்போது மரம் வளர்ந்துவிட்டது. சைரன் ஊதினாலும் என் காதில் சரியாக விழுவதில்லை. ஊதினால் எழுந்து ஓட, சோற்றுக்கு வருகிற மனுஷனும் இல்லை. போனில் மட்டும் அது தப்பாமல் ஊதுகிறது. சுமதி கண்ணைத் திறக்கிறாள், எழுந்து வா என்கிறாள்.

காலையிலிருந்து ஆறு தடவை பார்த்துவிட்டேன். அவள் கையை நீட்டும்போது, என் கையும் தானாக நீள்கிறது.