துப்பாக்கிக் குலுக்கலும் மார்வா ஹெஸ்ஸும்

சிவப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பருத்த பெண்மணி, கையில் புதுத் துப்பாக்கியோடு நிற்கும் வயதானவர் ஒருவரின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் முழுக்க எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் படம்தான். அந்தப் பெண்மணி மார்வா ஹெஸ். படத்தை எடுத்தவன் நான். அவளைப் பற்றி ஊர் உலகமே பேசி ஓய்ந்துவிட்டது. பதினாலு வருஷம் அவளோடு ஒரே ஆம்புலன்ஸில் போய்வந்தவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மார்வாவுக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஊர் கோல்டர் ரன்னிலேயே பிறந்தவள். அப்பா இங்கே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினார், புருஷன் டேலும் அதே சுரங்கத்தில் வெட்டினான், அதே இருமலில் இரண்டு பேரும் போனார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடித்தாள். ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்ட எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள்தான். நாற்பதாவது வயதில் முதலுதவிப் படிப்பு படித்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு வந்தாள். அவள் வண்டி ஓட்டினால் படுத்துக்கிடக்கும் நோயாளி பயத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

எங்கள் பக்கம் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் அரசாங்கம் நடத்துவதில்லை. பகலில் லேத் பட்டறையிலும் பால் பண்ணையிலும் வேலை பார்க்கிற நாங்களேதான் நடத்துகிறோம். குழாயும் டீசலும் வாங்க மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் துப்பாக்கிக் குலுக்கல் வைப்போம். பன்னிரண்டு வேட்டைத் துப்பாக்கிகள் பரிசு. மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊர் இது, பரிசாக வேறு என்ன வைத்தாலும் சீட்டு விற்காது. கூடம் நிறைய ஆட்கள், குடம் குடமாக பீர், முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த ஹலுப்கி. மேடையில் ஒரு பழைய சலவை இயந்திரத்தின் உருளை. அதற்குள் கையை விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சீட்டு எடுப்பது இருபது வருஷமாக மார்வாதான். அவள் எடுத்தால் சூது இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். சீட்டு விழுந்தவர் மேடையில் துப்பாக்கியைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வார், மறுநாள் துப்பாக்கிக் கடைக்குப் போய்ப் படிவம் நிரப்புவார், கடைக்காரர் போலீஸுக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பார், துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார். எல்லாம் சட்டப்படிதான். நாங்கள் சட்டத்தை மீறியதாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மளிகைக்கடையில் சுட்டுவிட்டார்கள் என்று அழைப்பு வந்தது. நானும் மார்வாவும்தான் முதலில் போனோம். அங்கே என்ன பார்த்தோம் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். ஐந்து பேரையும் எங்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். கல்லாவில் இருந்த டெஸ்ஸா நோவாக்குக்குப் பத்தொன்பது வயது. அவள் அப்பா ரான், எங்கள் நிலையத்தில் ஏணி வண்டி ஓட்டுகிறவன்.

சுட்டவன் கேலப் ரீகர். அவனும் உயிரோடு இல்லை. தாத்தா வால்ட்டோடு குடியிருந்தான். அவன் கொண்டுவந்தது தாத்தாவின் துப்பாக்கி. தாத்தாவுக்கு அது இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் குலுக்கலில் விழுந்தது. அன்று தாத்தாவோடு மார்வா சிரித்த படம் நிலையத்துச் சுவரில் மாட்டியிருந்தது, அதை எவனோ போனில் பிடித்துச் சேனல்களுக்கு அனுப்பிவிட்டான். அதற்கப்புறம்தான் மார்வா வீட்டு வாசலில் காமிராக்கள் வந்து நின்றன.

அதற்குப் பிறகு வந்த ஆறு வாரத்தை நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது. மெழுகுவர்த்தி, பூ, கரடிப் பொம்மை. மழையில் நனைந்து ஊறிப்போன பொம்மைகளை மண்வாரியால் அள்ளி லாரியில் ஏற்றியதும் நாங்கள்தான். பெரிய மனிதர்கள் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து பிரார்த்தனை செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியைத் தடை செய் என்று ஒரு கூட்டம், அந்தப் பக்கம் துப்பாக்கி என் உரிமை என்று இன்னொரு கூட்டம். முக்கால்வாசி வெளியூர்க்காரர்கள். குளிரில் நடுங்குகிறார்களே என்று மார்வா இரண்டு பக்கமும் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு நிருபர் பெண் அவளை மறித்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க எந்தப் பக்கம்?"

"நான் சமையல் பக்கம். சர்க்கரை எத்தனை?"

அதையும் போட்டுக் காட்டினார்கள். கேலி செய்கிறாள் என்று ஒருவன் எழுதினான், கல்நெஞ்சக்காரி என்று இன்னொருத்தி எழுதினாள். உன் கையில் ரத்தம் என்று ஓஹையோவிலிருந்து கடிதம் வந்தது. விட்டுக்கொடுக்காதே சகோதரி என்று டெக்சாஸிலிருந்து ஒருவன் துப்பாக்கிப் படம் போட்ட தொப்பி அனுப்பினான். தலைநகரத்தில் சட்டசபைக் குழு முன்னால் வந்து பேசு என்று இரு தரப்பும் கூப்பிட்டன. ஒரு தரப்புக்கு அவள் திருந்திய பாவி, மறுதரப்புக்கு அவள் வீராங்கனை. மார்வா எதற்கும் போகவில்லை. பிறகு வேறு மாநிலத்தில் வேறு ஊரில் வேறு எவனோ சுட்டான். அன்று மத்தியானமே காமிரா வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

ஜனவரிக் கூட்டத்தில்தான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம். இந்த வருஷக் குலுக்கலில் வருவதை அந்த ஐந்து குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எங்கள் தீயணைப்பு நிலைய சீஃப் லானி சொன்னான். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. என் கையும்தான். வீடு எரிந்தால் குலுக்கல், புற்றுநோய் வந்தால் குலுக்கல், சர்ச் கூரை ஒழுகினால் குலுக்கல் என்று பழகிய எங்களுக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

மார்வா மட்டும் கேட்டாள். "துப்பாக்கிய வச்சா?"

"வேற எதை வைக்கிறது? கம்பளிப் போர்வையா?" என்றான் லானி.

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம்தான் ரான் நோவாக் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ரான் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மார்வா பின்னாலேயே போனாள். வண்டி நிறுத்தும் இடத்தில் அவளிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "வேண்டாம்னு சொல்லவும் எனக்குத் தெம்பில்ல மார்வா, வேணும்னு சொல்லவும் தெம்பில்ல. என்னமோ பண்ணுங்க."

செய்தி வெளியே போனதும் மறுபடி இரண்டு பக்கமும் கிளம்பிவிட்டது. திட்டுகிறவன் திட்டினான். மற்றவர்கள் எங்களைத் தாங்கிப் பிடிப்பதாகச் சொல்லிச் சீட்டு வாங்கினார்கள். இரண்டே நாளில் ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. இப்படி ஒருபோதும் விற்றதில்லை என்று லானிக்கு ஒரே பூரிப்பு. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் பங்குக்குப் பத்துச் சீட்டு நானும் வாங்கியிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு கிழவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரும்போது, வண்டியில் வைத்து மார்வா என்னிடம் சொன்னாள்.

"இந்த வருஷம் நான் சீட்டு எடுக்கல, ஜெரால்ட்."

"ஊர்ல தப்பாப் பேசுவாங்க."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினாள். "அந்தக் கேலப் பையன் பதினொண்ணாவது படிக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டுத் தட்ட வாங்கிக்கிட்டே சொன்னான். மிசஸ் ஹெஸ், இங்க இருக்கிற எல்லாரையும் ஒரு நாள் தீர்த்துடுவேன், உங்கள மட்டும் விட்டுடுவேன்னு. நான் உடனே ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினாங்க. அதோட எல்லாரும் மறந்துட்டாங்க. நான் மறக்கல. வால்ட் பேரு என் கையில வந்தப்ப அந்த வீட்டுல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நம்ம ஊர்ல ஒருத்தன்கிட்ட அவன் பித்தப்பையைப் பத்திக் கேக்கலாம். பொண்டாட்டி ஓடிப்போனதப் பத்திக் கேக்கலாம். துப்பாக்கிய எங்க வைக்கிறே, வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டா மரியாதை கெட்டுப் போச்சு. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துது. நீ வேற போனத் தூக்கிக்கிட்டு, சிரி மார்வா, சிரின்னு நின்னே. சிரிச்சுட்டேன்."

"கேட்டிருந்தா வால்ட் என்ன சொல்லியிருப்பாரு? உன் வேலையப் பாரும்மான்னுதான்."

"ஆமா. அப்படித்தான் சொல்லியிருப்பாரு."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நான் கேட்டிருப்பேன்."

இத்தனை மாதம் இதை ஒருத்தியாகவே சுமந்துகொண்டு, எல்லோருக்கும் காபி ஊற்றியிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

லானி விடவில்லை. நீ எடுக்காவிட்டால் நாம் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நாலு தடவை வீட்டுக்குப் போய்க் கெஞ்சினான். மார்வா பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ஏப்ரன் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். கூடத்தில் முந்நூறு பேர் கைதட்டினார்கள். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடி முதல் சீட்டை எடுத்தாள்.

"ட்வைட் கெஸ்லர்."

மெக்கானிக் ட்வைட் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பெயரை வாசித்ததும் வழக்கமாக மேடையில் இருக்கும் மணியை அடிப்பாள். அடிக்கவில்லை. மைக்கில் கேட்டாள்.

"வீட்டுல யாரு யாரு இருக்கா, ட்வைட்?"

"ஏன், விருந்துக்கு வரப்போறியா?" கூடம் சிரித்தது.

"யாரு இருக்கா?"

அவன் முகம் சிவந்தது. "பொண்டாட்டி. ரெண்டு பொண்ணுங்க. இரும்பு அலமாரி இருக்கு, பூட்டு இருக்கு. போதுமா?"

"போதும். நன்றி." மணி அடித்தாள்.

அடுத்தது பால் பண்ணைக்கார அம்மா ஒருத்தி. "அது உனக்கு எதுக்குடி?" என்று கத்தினாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "கட்சி மாறிட்டாய்யா இவ!" என்றான். நாற்காலிகள் நகர்ந்தன, சிலர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். லானி மைக்கைப் பிடுங்க மேடை ஏறினான். அதுவரை வாசலோரம் நின்ற ரான் நோவாக் நடந்துவந்து அவனுக்கும் மார்வாவுக்கும் நடுவில் நின்றான்.

"கேக்கட்டும் விடு," என்றான். அவனைத் தாண்டிப் போகிற தைரியம் யாருக்கும் இல்லை.

பால் பண்ணைக்கார அம்மா முணுமுணுத்துவிட்டு, வீட்டில் யார் யார் என்று சொன்னாள். நாலாவது சீட்டு ஒரு இளைஞனுக்கு விழுந்தது. "தம்பி இருக்கான். மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்துட்டு போன வாரம்தான் வந்தான். எனக்கு இப்ப வேண்டாம், வேற சீட்டு எடுங்க," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஏழாவது சீட்டை எடுத்து அவள் கண்ணைத் திறந்தாள். படிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஜெரால்ட் டன்லப்."

நான்தான். முன்னால் போனேன்.

"வீட்டுல யாரு இருக்கா, ஜெரால்ட்?"

அவளுக்குத் தெரியாததா? என் மனைவி விட்டுவிட்டுப் போய் ஒன்பது வருஷம். "யாருமில்ல. நான் மட்டும்தான்."

"நீ எப்படி இருக்கே?"

நல்லாத்தான் இருக்கேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதாகிறது, இந்தக் கேள்விக்கு வேறு பதில் நான் சொன்னதே கிடையாது. அக்டோபருக்குப் பிறகு நான் கட்டிலில் படுக்கவில்லை, நாற்காலியிலேயே விடிந்துவிடுகிறது. சில நாள் துப்பாக்கி அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. மார்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல, மார்வா," என்றேன். மைக் அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது.

அவள் மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தாள். "வீட்டுல எத்தனை துப்பாக்கி இருக்கு?"

"மூணு."

"சாயங்காலம் நானும் ரானும் வந்து எடுத்துட்டுப் போறோம். சாவியக் குடு."

அலமாரிச் சாவியைத் தனியாகக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. கொத்தோடு கொடுத்தேன். அதை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு மார்வா மறுபடி மேடை ஏறினாள், கண்ணை மூடி அடுத்த சீட்டுக்குக் கையை விட்டாள்.