கடப்பாக்கத்துக்கு மாறிப்போன என் பக்கம்

அவள் ஆபீஸில் சேர்ந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அப்போது கேட்டிருந்தால் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது சொல்வேன். அவள் கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடித்தாள். நான் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் குப்பை கொட்டியும் ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ரிசார்ட்டுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் ரூம் புக்கிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். புரோகிராம் எழுதுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் மதுராந்தகத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், உள்ளூர்க் கல்லூரியில் படித்தவள். அவள் கடப்பாக்கம். அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு உண்டு. பொத்தேரியில் பெரிய காலேஜில், ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு வந்தவள். மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் போதும், வஞ்சிர வறுவல் வாசனைக்கு முதலாளி உட்பட எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிடுவேன். "ஒரு துண்டு எட்துக்கோங்கக்கா" என்று அவளே கொண்டுவந்து வைப்பாள். ருசியாகத்தான் இருக்கும். அது ருசியாக இருக்கிறதே என்றும் எரிச்சல் வரும்.

எங்கள் வேலை முழுக்க கிட் என்கிற ஏற்பாட்டில் நடக்கிறது. ஒரே புரோகிராமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் அடிதடி ஆகிவிடும் என்பதால் ஆளுக்கொரு கிளை பிரித்துக்கொள்வோம். பிராஞ்சு என்றுதான் ஆபீஸில் சொல்வது. எங்கள் ஆபீஸ் வழக்கப்படி பிராஞ்சுக்கு அவரவர் ஊர்ப் பெயர். எங்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். "மதுராந்தகத்துலருந்து கடப்பாக்கத்துக்கு மாறிப் பாரும்மா" என்பார் முதலாளி. ஒரு கட்டளை அடித்தால் மாறிவிடலாம்.

இதில் ஒரு விஷயம் உண்டு. எழுதியதைக் கமிட் செய்தால், அதாவது பதிய வைத்தால், அது அந்தப் பிராஞ்சிலேயே பத்திரமாக இருக்கும். அங்கே மாறி வருகிற எவரும் அதைப் பார்க்கலாம். கமிட் செய்யாதது எந்தப் பிராஞ்சுக்கும் சொந்தமில்லை. பஸ் மாறும்போது மடியில் இருக்கிற பையும் நம்மோடு வருகிற மாதிரி, பிராஞ்சு மாறினால் அதுவும் கூடவே வந்துவிடும்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்குப் புது காலண்டர் பக்கம் வேண்டியிருந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆளுக்கு ஒண்ணு பண்ணுங்க. ஓனரம்மாவுக்கு எது புடிக்குதோ அத்த வச்சிக்கலாம். யாரு பக்கம் செலக்ட் ஆவுதோ அவங்கதான் இனிமே லீடு."

லீட் பதவிக்கு நான் காத்திருக்க ஆரம்பித்தபோது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது எனக்குச் சமமாகப் போட்டியில் நிற்கிறாள். வயிறு எரிந்தது.

அவள் தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் கமிட் செய்துவிடுவாள். என்ன செய்தாள் என்று ஒரு வரி, சுத்தமாக, பிசிறில்லாமல். நான் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கடப்பாக்கத்துக்கு மாறி அதைப் படிப்பேன். எங்காவது சொதப்பியிருக்கிறாளா என்று தேடுவேன். சொதப்பமாட்டாள். அன்றைய பொழுது முழுக்க எனக்கு அதே எரிச்சலில் போகும்.

நான் அவளுடையதைப் படிக்கிறேன் என்றால் அவளும் என்னுடையதைப் படிக்காமலா இருப்பாள்? அதனால் இந்த வேலையில் முதல் நாளிலிருந்தே நான் எதையும் கமிட் செய்யவில்லை. அவள் தன் பக்கத்தைப் புதிதாக ஒரு ஃபைலில் தொடங்கியிருந்தாள். நான் பழைய காலண்டர் பக்கத்தையே பிரித்துப் போட்டு மாற்றி எழுதினேன். ஆபீஸில் டெமோவுக்கென்று ஒரு நல்ல லேப்டாப் உண்டு, இருவருக்கும் பொது. என் வேலை அத்தனையும் அந்த ஒரே லேப்டாப்பில், கமிட் ஆகாமல், என் மடிப் பையாகவே கிடந்தது. முதலாளி கேட்டால் "முடிஞ்சதும் மொத்தமா போட்டுடறேன் சார்" என்பேன். அவள் மதுராந்தகத்துக்கு மாறி எட்டிப் பார்த்தால் பழைய பக்கம்தான் இருக்கும், ஏமாந்து போகட்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். கிட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு, அவள் மாறும்போது என் பை அவளோடு போகும் என்பது மட்டும் தோன்றவில்லை.

டெமோ அன்று முதலாளியின் காரில் கிளம்பினோம். அவர் ஓட்ட, நாங்கள் இருவரும் பின் சீட்டில். திருக்கழுக்குன்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் கொய்யாப்பழம் வாங்கி, ஒன்றை மிளகாய்த் தூள் போட்டு எனக்கும் கொடுத்தாள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன். கடப்பாக்கத்தில் நின்றிருந்தது. முந்தின நாள் மாலை நான் கிளம்பிய பிறகு அவள் எடுத்து வேலை பார்த்திருக்கிறாள். மதுராந்தகத்துக்கு மாறினேன்.

பழைய பக்கம் வந்தது. நான் தொடுவதற்கு முன்னால் இருந்த அதே அசட்டுப் பக்கம்.

ரெஸ்டோர் என்று ஒரு கட்டளை உண்டு. ஃபைலைக் கடைசியாகக் கமிட் செய்த நிலைக்குத் திருப்பிவிடும். நடுவில் எழுதியது போனது போனதுதான். அதைத்தான் அவள் அடித்திருக்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூடித் திறந்து பார்த்தேன், அதே பக்கம்தான். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இத்தனை நாள் காரணமில்லாமல் எரிந்தேன். இதோ காரணம் கையில் கிடைத்துவிட்டது.

"என் ஃபைல இன்னா பண்ண?" என்றேன்.

"எந்த ஃபைலுக்கா?"

"நடிக்காத. ரெஸ்டோர் அடிச்சிட்டு எந்த ஃபைலுன்றியா? நான் ஜெயிச்சிடுவேன்னு பயந்துகினு எல்லாத்தையும் அழிச்சிட்டியா? நல்லா இருப்பியா நீ?"

முதலாளி சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இன்னாம்மா இது பேஜாரு, டெமோ டைம்ல?"

"கேளுங்க சார் இவள. என் வேலை மொத்தமும் போச்சு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஓ, அதுவாக்கா" என்று என் மடியிலிருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். "நேத்து நான் கடப்பாக்கத்துக்கு மாறினப்போ நான் தொடாத ஃபைல்லாம் மாறிக்கினு இருந்துச்சு. உங்களுதுன்னு புரிஞ்சிது. கமிட் பண்ண மறந்துட்டீங்க போலன்னு ஸ்டாஷ்ல எட்து வச்சேன். காலீல சொல்லணும்னு இருந்தேன், கெளம்புற அவசரத்துல மறந்துட்டேன்."

ஸ்டாஷ் என்பது கமிட் ஆகாததை அழிக்காமல் ஒதுக்கி வைக்கிற இடம். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அவள் பட்டியலைக் காட்டினாள். ஒரே ஒரு வரி இருந்தது. அவள் எழுதி வைத்த குறிப்பு: "மதுராந்தகம் அக்காவோடது. யாரும் தொடாதீங்க."

முதலாளியும் எட்டிப் படித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் ஒரு கட்டளை அடித்தாள். என் பக்கம் முழுசாகத் திரும்பி வந்தது.

"மொதல்ல கமிட் பண்ணுங்கக்கா" என்றாள். பண்ணினேன்.

அவள் அழித்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அழித்திருந்தால் தோற்றிருப்பேன், ஆனால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் திட்டியிருப்பேன். அதையும் கெடுத்துவிட்டாள்.

ரிசார்ட்டில் ஓனரம்மா இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். கடல் பார்த்த ரூம்கள் எவையெவை காலி என்று என் பக்கத்தில் மாசம் முழுக்க ஒரே பார்வையில் தெரியும். "இதான் எனக்கு சுளுவா கீது மேடம்" என்று அந்தப் பெண் என்னுடையதைக் காட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. முதலாளி அங்கேயே கை கொடுத்து, "இனிமே நீதாம்மா லீடு" என்றார். காரில் நான் கத்தியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எனக்குக் கை தட்டினாள். எல்லோரையும் விட அதிகமாகத் தட்டினாள்.

இத்தனை வருஷம் கேட்ட பதவி கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது அதை நினைத்துச் சந்தோஷப்படாமல் வேறொன்றை நினைத்துக் குடைந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை என் வேலை முழுசாக அவள் கையில் இருந்திருக்கிறது. பார்த்திருப்பாள். பார்த்துவிட்டும் தன் பக்கத்தில் ஒரு வரி மாற்றவில்லை என்றால் என்ன அர்த்தம்? கேட்டுவிட்டேன்.

"ஸ்டாஷ்ல வக்கிறதுக்கு முன்னாடி என் பக்கத்தத் தொறந்து பார்த்தியா?"

"இல்லக்கா. நான் தொடாததுன்னு தெரிஞ்சிது, எட்து வச்சேன்."

"சரி, அதுக்கு முன்னாடி? இத்தினி நாள்ல ஒரு வாட்டியாச்சும் மதுராந்தகத்துக்கு மாறி, நான் இன்னா பண்றேன்னு பார்த்துருக்கியா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "இல்லியேக்கா. எதுக்குப் பாக்கணும்?"

நடிப்பு இல்லை. அவளுக்கு நடிக்கத் தெரியாது, அத்தனை நாள் அவளைக் கவனித்ததில் எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் ஒளித்து ஒளித்து வைத்ததை அவள் தேடவே இல்லை. நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்த அத்தனை நாளும் என்னைப் பார்த்து அவளுக்கு ஒரு துளி பொறாமை வரவில்லை. அதற்குக்கூட நான் லாயக்கில்லையா?

மீதியிருந்த கொய்யாவில் பாதியை நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலை லீட் ஆக ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கடப்பாக்கத்துக்கு மாறினேன், அவள் புதிதாக என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க.