வக்கீல் சுவரும் மற்ற சுவர்களும்

அந்த வீட்டுக் கூடத்தில் மூன்று சுவர்கள், மூன்று நிறங்கள். நாலாவது சுவரில் பெரும்பகுதி ஜன்னல் என்பதால் அது தப்பித்தது. வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் கலர் கலப்பவர். "நான் கேட்டது இது இல்லை" என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவரும் டப்பாக்கள் கடையின் பின்பக்கம் சேரும். சேர்ந்தவை அவருடைய ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வரும். வந்தவை சுவரில் ஏறும்.

அதனால் ஒவ்வொரு சுவருக்கும், அதை வேண்டாம் என்றவரின் பெயர். கம்பீரமான செங்கல் நிறம் கேட்ட வக்கீலுக்குக் கிடைத்தது குழந்தைக் கன்னம் போல ஒரு ரோஸ். அது வக்கீல் சுவர். கண்ணைக் குத்தும் பச்சை, ஜிம் சுவர். சமையலறை முழுக்க பாலர் பள்ளி மஞ்சள். "சாவி ஜிம்முல தொங்குதும்மா" என்று கல்லூரிக்குப் போகும் மகள் கத்துவாள். வீட்டில் யாருக்கும் அது வேடிக்கையாகவே படுவதில்லை.

வீட்டுக்காரி பல் ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் டோக்கன் அக்கா. அவரும் சும்மா இருக்கவில்லை. வக்கீலுக்குப் பொருத்தமாக ஒரு திரைச்சீலை, ஜிம்முக்குப் பொருத்தமாகக் குஷன் என்று பார்த்துப் பார்த்து வாங்கினார். காற்று வரட்டுமே என்று ஒருநாள் சோபாவை ஜிம்மிலிருந்து வக்கீலுக்கு நகர்த்தியதும், குஷன்கள் வேறு யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்கள் மாதிரி முழித்தன.

இப்படியே போயிருக்கும். ஆஸ்பத்திரியைப் புதுப்பிக்க டாக்டர் ஒரு உள் அலங்காரப் பெண்ணை வரவழைத்ததுதான் வினை. அந்தப் பெண் துணித் துண்டு, மரத் துண்டு, கலர் அட்டை எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டிக்கொண்டு வந்து, "எல்லாமே ஒரே குடும்பம் மாதிரி இருக்கணும் டாக்டர். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க அடங்கி இருக்கணும்" என்றாள். டோக்கன் அக்கா தன் குடும்பத்தை நினைத்துப் பார்த்தார். ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் பேசுவார்கள். மனுஷர்களைத் திருத்த முடியாது, சுவர்களையாவது பார்ப்போம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"ஏங்க, வீடு முழுக்க ஒரே கலர் அடிக்கலாங்க. நான் சொல்ற கலர்."

"அடிச்சிட்டாப் போச்சு. என்ன கலர்?"

டோக்கன் அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து வந்து விரித்தார். துவைத்துத் துவைத்து, நீலமா சாம்பலா என்று அதற்கே மறந்துபோன உறை. "இதுல தலை வச்சா எப்படி இருக்கோ, வீட்டுக்குள்ள வந்தா அப்படி இருக்கணும்."

"ப்பூ, இதைக் கண்ணை மூடிட்டுக் கலப்பேன்."

மூடிக்கொண்டுதான் இருந்திருப்பார் போல. மறுநாள் சாயங்காலம் ஒரு டப்பாவோடு முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். "உன் அதிர்ஷ்டத்தைப் பாரு. கேட்ட கலர் தானா திரும்பி வந்திருக்கு. சலூன்காரர் வேண்டாம்னுட்டார்."

மூடியைத் திறந்து பார்த்தார் டோக்கன் அக்கா. "இது கத்திரிப்பூங்க."

"நீலத்துக்கு அடுத்த வீடுதானே!"

"அப்ப அடுத்த வீட்டுக்குக் குடி போகப் போறோமாப்பா?" என்றாள் மகள்.

டோக்கன் அக்கா சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து, ஊர்ல யாரோ வேண்டாம்னதுக்கு நடுவுல உக்காந்துதான் சாப்பிடறேன். ஒரே ஒரு தடவை, நான் வேணும்னது எனக்கு வேணும்."

வீட்டுக்காரர் மூடியைத் தட்டி மூடினார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு டப்பா வீணாவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும், அவ்வளவுதான்.

இவரை நம்பி ஆகாது என்று, விடுப்பு போட்டுவிட்டு, உறையைப் பையில் திணித்துக்கொண்டு டோக்கன் அக்கா கடைக்கே போனார். முதலாளி எழுந்து, "அட, வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார்.

"இல்லைங்க. நான் வாங்க வந்திருக்கேன்" என்று வரிசையில் நின்றுகொண்டார்.

முறை வந்தது. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு வழி?

"சொல்லுங்க மேடம்."

"இந்தக் கலர்."

அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த இடத்துக் கலர் மேடம்? இங்க எண்ணெய்க் கறை இருக்கு."

"அது உங்க தலை பட்ட இடம். அதை விட்டுட்டுப் பாருங்க."

வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் வெள்ளையில் நீலம் விட்டு, ஒரு சொட்டு கறுப்பு விட்டுக் கலக்கி, அட்டையில் தடவிக் காட்டினார்.

"சோகமா இருக்கு."

"பெயிண்ட்டுக்கு என்ன மேடம் சோகம்?"

"வேற காட்டுங்க."

அடுத்தது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அதற்கடுத்தது ஆஸ்பத்திரியின் தரை மாதிரி இருந்தது. "ஏம்ப்பா, எல்லாம் வேண்டாம்னுட்டாங்களே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்றார் முதலாளி. கடையே சிரித்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் இன்னொன்று கலந்தார். ஈரம் மினுமினுக்க அது அட்டையில் இறங்கியதும் டோக்கன் அக்காவின் முகம் மலர்ந்தது.

"இதேதாங்க!"

"இருங்க, டிரையர் போட்டுக் காட்டறேன். காஞ்சா ஒரு படி அடர்த்தியாகும்."

"வேண்டாம். சூடு பண்றேன்னு எதையாவது மாத்திடுவீங்க. எல்லார்கிட்டயும் இப்படிச் சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"கேப்பாங்களா?"

"கேட்டிருந்தா நம்ம வீட்டுச் சுவத்துல பெயிண்ட்டே இருந்திருக்காது."

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடு முழுவதற்கும் வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்று பேருமாகச் சேர்ந்து அடித்தார்கள். ஜிம் சீக்கிரமே சரணடைந்தது. வக்கீல்தான் லேசில் போகவில்லை. எத்தனை தடவை அடித்தாலும் ரோஸ் எட்டிப் பார்த்து வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதுவும் அடங்கியது. எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் மூவரும் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தார்கள்.

"அம்மா, வீட்டுக்குள்ள மழை வரப் போகுது" என்றாள் மகள்.

ஒரு படி இல்லை, நாலு படி இறங்கியிருந்தது. மத்தியானத்திலேயே விளக்கு போட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது காது சிவந்திருந்ததிலேயே தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் அக்கா, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குஷன்கள் மட்டும், பாவம், எந்தச் சுவரடியில் போட்டாலும் ஒரே மாதிரி இருந்தன. முழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. நான் கஸ்டமரா இருந்தா இதைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பேனா?"

வீட்டுக்காரர் காபியைக் கீழே வைத்தார். "காஞ்ச அன்னிக்கே வந்திருப்பே. அழுதுட்டு."

அக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"வேணும்னா கொஞ்சம் வெள்ளை சேத்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

"சுவத்துல கை வைக்கக் கூடாது. தப்புதான். ஆனா எனக்கே எனக்குன்னு நான் பண்ணின தப்பு. இருந்துட்டுப் போகட்டும்." சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவுக்கும் ஜன்னலுக்கும் வெள்ளை அடிச்சா கொஞ்சம் மூச்சு விடும், இல்ல?"

"விடும். நாளைக்குக் கடையிலேருந்து..." அக்காவின் பார்வையைக் கண்டு அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி, நீயே வா. வெள்ளையிலேயே நிறைய இருக்கு. பால் வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, பழைய பேப்பர் வெள்ளை..."

"ஐயோ அப்பா, ஏன் சொன்னீங்க?" என்றாள் மகள்.

டோக்கன் அக்கா அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் கடை உண்டா?"